மூன்று குழுவுக்கும் ஒரே பிணம்

மும்பையில் தமிழில் நகைச்சுவை நாடகம் போடுகிறவர்களுக்கு
என்றைக்காவது ஒரு பிணம் தேவைப்படும்.
என்னைத்தான் கூப்பிடுவார்கள்.
ஐந்தடி இரண்டங்குலம், தூக்க இரண்டு பேர் போதும்.
தும்ம மாட்டேன்.
முக்கியமாக, சிரிக்க மாட்டேன்.

தாராவி தொண்ணூறடிச் சாலைப் பையன்களின் குழு
ஓட்டைச் சட்டி.
பேச்சிமுத்து வசனம் எழுதுவதில்லை, விழுவான்.
பாடையைத் தூக்கும்போது வேட்டி அவிழும்,
வேட்டியைப் பிடிக்கப் பாடையை விடுவான்,
நான் விழுவேன்,
என்மேல் சங்கு, சங்குமேல் அவன்.
"அக்கா கண்ணத் தொறந்துட்டா!" என்று
முன்வரிசைப் பொடிசுகள் கத்தும்.
சுத்தப் பொய்.
அங்கே சிரிப்பு பலகை வழியாக வரும்,
முதுகெலும்புக்கு அடியில் லாரி போகிற மாதிரி.
இடுப்பு வலி போக இரண்டு நாள்.

செம்பூர்க்காரர்கள் என்னைத் தொடக்கூட மாட்டார்கள்.
வங்கியில் விருப்ப ஓய்வு வாங்கிய வைத்தீஸ்வரனும்
வருமான வரித்துறை ஹேமாவும்
என் தலைமாட்டில் நாற்காலி போட்டு
இரங்கல் அட்டைக்கு வாசகம் தேடுவார்கள்.
"காலமானார்னு போடலாமா?"
"எந்தக் காலம் ஆனார்?"
"இறந்த காலம்தான்."
"அப்ப, இயற்கை எய்தினார்?"
"செம்பூர்ல ஏதுய்யா இயற்கை? ரிஃபைனரி எய்தினார்னு போடு."
இருபத்தெட்டு நிமிடம் இப்படியே.
அங்கே சிரிப்பு மூக்கு வழியாக வரும்.
ஒருவர் புரிந்துகொண்டு பக்கத்து ஆளுக்கு விளக்கி,
அவர் மனைவிக்கு விளக்கி முடிப்பதற்குள்
மேடையில் அடுத்த சிலேடை பாதி தாண்டியிருக்கும்.
யாராவது வாய்விட்டுச் சிரித்துவிட்டால்
எங்கே தப்பு செய்தோம் என்று
இடைவேளையில் வைத்தீஸ்வரன் காகிதத்தைப் புரட்டுவார்.

இரண்டு கூட்டத்துக்கும் ஆகாது.
அது சர்க்கஸ் என்பார் இவர்.
இது டியூஷன் என்பான் அவன்.
என்னிடம் கேட்டால் ஒன்றும் சொல்ல மாட்டேன்.
பிணத்துக்குக் கட்சி கிடையாது.

போன வாரம் அந்தேரியில் புதிதாக ஒரு குழு, மூன்றே பேர்.
அதில் ஒருத்தி பேர் யாழ்மொழி.
தமிழ் பேசுவாள், எழுதத் தெரியாது.
நாடகம் இவ்வளவுதான்:
ஐஸ் பெட்டிக்குள் நான் கிடக்கிறேன்.
நாலு நிமிடத்துக்கு ஒருவரும் வரவில்லை.
பெட்டி உறுமுகிறது.
யாழ்மொழி வருகிறாள், சுவரைப் பார்க்கிறாள்,
பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு
தன் போனைச் செருகுகிறாள்.
உறுமல் நிற்கிறது.
கண்ணாடிக்குள் குனிந்து, "சாரி" என்கிறாள்.
காத்திருக்கிறாள்.
எழுபது சதவீதம் ஏறியதும் எடுத்துக்கொண்டு போகிறாள்.
விளக்கு அணைகிறது.
இருபத்து மூன்று பேரில் ஒருவர் இருமினார்.
பலகையிலும் ஒன்றும் வரவில்லை, மூக்கிலும் வரவில்லை.
இது எதற்கு என்று கேட்டுக்கொண்டேன்.
நானூறு ரூபாய்க்கு என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

ராத்திரி பதினொன்றே கால், வடாலா போகிற வண்டி,
பெண்கள் பெட்டி.
மாஹிம் நெருங்கும்போது போன் அதிர்ந்தது.
நானூறு வரவு. குறிப்பு: டெட் பாடி.
மேலே மூலையில் பேட்டரி, இரண்டு சதவீதம்.
இறங்கினதும் அம்மாவைக் கூப்பிட வேண்டும்.
எதையாவது பிடுங்கிவிட்டுச் செருக
இடம் இருக்கிறதா என்று
கண் தானாகச் சுவரை மேய்ந்தது.

அப்போது வந்து சேர்ந்தது அந்த "சாரி".

ஒன்பது வருடமாக அடக்கி வைத்தது.
கம்பியைப் பிடித்துக்கொண்டேன், நிற்கவில்லை.
முந்தானையைக் கடித்தேன், நிற்கவில்லை.
எதிர் இருக்கையில் காலி மீன்கூடையோடு இருந்த அம்மாள்
என்ன ஆயிற்று என்று மராத்தியில் கேட்டாள்.
எனக்குத் தெரிந்த மராத்தியில் விளக்கினேன்:
நான் செத்துப்போயிருந்தேன்,
அவள் வந்து பிளக்கைப் பிடுங்கினாள்,
மன்னிப்பும் கேட்டாள்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டு
கூடையை மெல்ல
அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தாள்.